மூடர் என்றால் அம்மா

உத்ரெக்ட், நெதர்லாந்து
9 ஜூன் 2024

தேவிப்பிரியா அவர்களுக்கு,

நாம் முன்பின் அறியாதவர்கள். என் பெயர் வஹீதுன்னிசா. பிறந்து வளர்ந்தது பூந்தமல்லி. கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. டச்சு மொழிக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்ப்பது என் தொழில். தத்துப் பிள்ளைகளின் சொந்தங்களைத் தேடிக் கொடுக்கும் ஓர் அமைப்பு இந்த வேலையை எனக்குத் தந்திருக்கிறது.

டி.என்.ஏ. பரிசோதனைக்கு நீங்கள் கொடுத்த எச்சில் மாதிரியும் இங்கே யோரிஸ் என்பவர் கொடுத்ததும் பொருந்திவிட்டன என்று அவர்களே உங்களுக்குத் தெரிவித்திருப்பார்கள். உங்கள் தம்பி யோரிஸ் தம் கையால் எழுதிய முதல் கடிதத்தையும் என் மொழிபெயர்ப்பையும் இதனுடன் வைத்திருக்கிறேன்.

ஏன் போனில் பேசவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கேட்டேன். "முகத்தை முகம் பார்த்துக்கொண்டு, பேசச் சொல் இல்லாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. முதலில் எழுதுகிறேன்" என்றார். அது நியாயமாகவே எனக்குப் பட்டது.

அவருக்கு இருபத்தெட்டு வயது. ஆமெர்ஸ்போர்ட் என்ற ஊரில் பேருந்து ஓட்டுகிறார். வளர்த்த தாய் அன்னலீஸ், ஓய்வுபெற்ற நூலகர். வளர்த்த தந்தை சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். பாஸ்போர்ட்டில் யோரிஸ் என்ற பெயருக்குப் பின்னால் 'சின்னப்பையன்' என்றும் இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். Jongetje என்றேன். 'குட்டிப் பையன்' என்று அர்த்தம். "இந்த உயரத்துக்கு அப்புறமுமா?" என்று சிரித்தார். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

கடிதத்தில் நேரில் சந்திப்பதைப் பற்றி எதுவும் இல்லை. அம்மாவிடம் படித்துக்காட்டும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வஹீதுன்னிசா


மண்ணூர்பேட்டை
30 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம்தானே? 'மேடம்' என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பூந்தமல்லி என்று படித்த பிறகு மேடம் என்று எழுத வரவில்லை.

கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். பக்கத்து வீட்டு சிம்ரன் போன் செய்து, "அக்கா, வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டின கவர் வந்துகீது. உங்கம்மா அத்த கையில வெச்சுகினு கேட்டாண்டயே நின்னுகினு கீறாங்க, உள்ள வர மாட்டேன்றாங்க" என்றாள். பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

நீங்கள் எழுதியதை நான் வாசித்தேன். அம்மா காது கொடுத்தது அதற்கு, கண் இருந்ததெல்லாம் தம்பியின் தாள் மேல். பறந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தச் சொன்னாள். "இன்னாடி இது, கோயி கிண்டுன மாரி எயுதிகீறான்" என்றாள். அப்புறம், "பஸ்ஸு ஓட்றானா? கெவுருமெண்டா, பிரைவேட்டா?" என்று கேட்டாள். அதை மறக்காமல் கேட்டு எழுதுங்கள் அக்கா, தெருவில் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி சொல்லப்போவதை அவன் மொழியில் சரியாக எடுத்துச் சொல்லுங்கள். அப்பா லாரி விபத்தில் போய் ஒரு வருடம் ஆகவில்லை, அம்மாவுக்குக் காசநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் தங்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். எனக்கு ஐந்து வயது, என்னை ஆவடியில் அத்தை வைத்துக்கொண்டாள். தம்பிக்கு இரண்டு வயது. சின்னக் குழந்தை, அவனுக்கும் நோய் ஒட்டியிருக்குமோ என்று பயந்து யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டு, குணமானதும் கூட்டிப்போகலாம் என்றார்கள். காட்டிய இடத்தில் அம்மா கைநாட்டு வைத்தாள். உடம்பு தேறிப் போய்க் கேட்டபோது, குழந்தை வெளிநாடு போய்விட்டது, நீதானே கொடுத்தாய் என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினார்கள். அந்தக் கேட்டுக்கு அம்மா எத்தனை வருடம் நடந்தாள் என்று எனக்குத் தெரியும், கூட நடந்தவள் நான்தான். இப்போது அந்த இல்லமே இல்லை, அங்கே ஒரு அப்பார்ட்மெண்ட் இருக்கிறது.

நான் டச்சு கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். போனில் ஒரு ஆப் வைத்துத்தான். அம்மாவுக்கு moeder என்று வந்தது. ஆப்பில் உச்சரித்துக் காட்டும் பெண் 'மூடர்' என்கிறாள்! அம்மாவைப் போய் மூடர் என்கிறார்களே என்று சிரித்தேன். அம்மா முறத்திலிருந்து தலை தூக்காமல், "சரியாத்தான் சொல்றாங்க. படிக்காம கைநாட்டு வெச்சவ வேற யாரு?" என்றாள். அவள்தான் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

என் பெயர் போட்டு ஒரு வரியாவது அவன் மொழியில் நானே எழுத வேண்டும். சொல்லிக்கொடுப்பீர்களா?

அன்புடன்,
தேவி


உத்ரெக்ட்
21 ஜூலை 2024

அன்புள்ள தேவி,

அக்கா என்றே எழுது. நானும் 'நீங்க' போட்டு எழுதுவதை நிறுத்திவிட்டேன், பார்த்தாயா?

நீ சொன்னதை ஒன்று விடாமல் டச்சில் எழுதிக் கொடுத்தேன். யோரிஸ் இரண்டு தடவை படித்தார். டியூட்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "அப்படியென்றால் அவர் என்னைக் கொடுக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார். வளர்த்தவர்களிடம் இருந்த தத்துத் தாள்களில் தாய் விருப்பத்தோடு ஒப்படைத்ததாக இருந்ததாம். இல்லை, கொடுக்கவில்லை என்றேன்.

பஸ் பிரைவேட் கம்பெனியுடையது, ஆனால் அரசாங்க டெண்டர். தெருவுக்கு உனக்கு வசதியானதைச் சொல்லிக்கொள்.

பாடத்துக்கு வருகிறேன். இந்த மொழியின் எழுத்து விதியைக் கண்டு எல்லோரும் ஓடுவார்கள். நீ ஓட வேண்டாம், பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறாய். கல் என்பதோடு ஐ சேர்ந்தால் கல்லை. கால் என்பதோடு சேர்ந்தால் காலை. குறில் என்றால் மெய் இரட்டிக்கும், நெடில் என்றால் இரட்டிக்காது. இங்கேயும் அதேதான். Zon என்றால் சூரியன், குறில். பன்மையில் n இரட்டித்து zonnen. Zoon என்றால் மகன், நெடில். பன்மையில் n இரட்டிக்காது, அதற்குமேல் ஒரு o-வும் உதிர்ந்து zonen ஆகும். ஒரு n கூடிவிட்டால் மகன்கள் சூரியன்களாகிவிடுவார்கள். பெற்றவர்களுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது என்று என் கணவர் ஹுமாயூன் சொல்கிறார்.

பன்மையில் முரண்டு பிடிக்கும் சொற்களும் உண்டு. Stad, நகரம், பலவானால் steden, உயிரே மாறிவிடும். Kind, குழந்தை, kinderen, குழந்தைகள். ஒரு காலத்தில் kinder என்பதே பன்மைதான், போதாதென்று இன்னொரு விகுதியைச் சேர்த்துக்கொண்டார்கள். நாமும் 'அவர்' போதாமல் 'அவர்கள்' ஆக்கினோமே, அந்த மாதிரி.

பெயர்ச்சொல்லோடு ஒரு வால் ஒட்டினால் உரிச்சொல் ஆகிவிடும். -loos என்பது நம் 'அற்ற'. Werk வேலை, werkloos வேலையற்ற. Hoop நம்பிக்கை, hopeloos நம்பிக்கையற்ற. -ig சேர்த்தால் அந்தக் குணம் உள்ளது என்று ஆகும். Geluk மகிழ்ச்சி, gelukkig மகிழ்ச்சியான. அங்கேயும் k இரட்டிப்பதைக் கவனி. வினைச்சொல்லோடு -baar சேர்த்தால் செய்யத்தக்கது: leesbaar, படிக்கத்தக்கது. உன் தம்பி கையெழுத்து onleesbaar, படிக்க முடியாதது. அம்மா சொன்ன கோழி உவமையை அவரிடம் சொன்னேன். அன்னலீஸும் சின்ன வயதிலிருந்து அதையே சொல்கிறாராம், இங்கேயும் கோழிதான்.

பயிற்சிக்கு அவர் கடிதத்தையே வைத்துக்கொள். தெரிந்த சொற்களுக்கு அடியில் கோடு போடு.

உன் அக்கா,
வஹீதா


மண்ணூர்பேட்டை
11 ஆகஸ்ட் 2024

வஹீதுன்னிசா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி தம்பியின் கடிதத்தில் தெரிந்த சொற்களுக்குக் கோடு போட்டேன். பஸ்ஸில் போகும்போது, சாப்பாட்டு இடைவேளையில், எப்போதும் அதுதான். முதலில் ik, அதாவது நான், பிறகு gelukkig. மூன்றாம் பத்தியின் கடைசியில் ஒரு சொல் நீளமாக இருந்தது. கோழி கிண்டினதுதான், ஆனால் கடைசி நாலு எழுத்து எனக்குத் தெரியும், நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். முன்னால் இருப்பதும் தெரியும், அதை வைத்து அம்மாவிடம் சிரித்திருக்கிறேன்.

Moederloos.

அம்மா இல்லாத. முன்னால் இருந்த nooit என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன், ஒருபோதும் இல்லை என்று அர்த்தம். உங்கள் மொழிபெயர்ப்பை எடுத்து வரி வரியாக வைத்துப் பார்த்தேன். மூன்றாம் பத்தி அதற்கு முந்தின வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரி இல்லை.

இருபத்தாறு வருடம் கழித்து ஒரு தாள் வருகிறது. அதில் எது எங்களுக்கு வேண்டும், எது வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தீர்களா? அம்மா படிக்காதவள் என்று ஒருதரம் தாளைக் காட்டி ஏமாற்றினார்கள். நீங்கள் அவர்கள் மாதிரி இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் கோடு போட்ட அன்று எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த வரி முழுவதையும் தமிழில் எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

தேவிப்பிரியா


உத்ரெக்ட்
1 செப்டம்பர் 2024

தேவி,

கேட்டதை முதலில் தருகிறேன்.

"நான் ஒருநாளும் தாயற்றவனாக இருந்ததில்லை. அதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்."

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன், படிக்காமல் விடுவது உன் இஷ்டம். ஹுமாயூனுக்கு நான் இரண்டாம் மனைவி. முதல் மனைவி பிரசவத்தில் மௌத்தாகிவிட்டார். நான் வந்தபோது ரைஹானாவுக்கு மூன்று வயது. அவளைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போயிருந்தோம். அவளைப் பெற்றவளின் தாயார் அவளைத் தடவித் தடவி, "உன் உம்மா சொர்க்கத்துல இருக்கா கண்ணு" என்றார். ரைஹானா தலையை ஆட்டி, "இல்லயே, உம்மா இங்க இருக்காங்களே" என்று என் முந்தானையைப் பிடித்துக் காட்டினாள். குழந்தைக்கு என்ன தெரியும்? அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இன்றுவரை என்னோடு பேச்சில்லை.

அதனால் அந்த வரியில் என் பேனா நின்றுவிட்டது. பெற்றவள் காதில் அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். யோரிஸ் எதை நினைத்து அதை எழுதினார் என்பது எனக்கு இன்னமும் தெரியாது. கதவைச் சாத்துகிற மாதிரியும் இருக்கிறது, வேறு மாதிரியும் இருக்கிறது. அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

செய்தது என் தொழிலுக்கே ஆகாது. நீ சொன்னது சரி. ஆனால் அதே வரி இன்று வந்தாலும் என் கை ஒரு நிமிஷம் நிற்கும் தேவி, நிற்காது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது இனி உன் கையில்.

வஹீதா


மண்ணூர்பேட்டை
22 செப்டம்பர் 2024

அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் அதை எடுப்பேன், மடிப்பேன். முடிவு என் கையில் வந்ததும், உங்களுக்கு ஏன் பேனா நின்றது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு உங்கள்மேல் கோபப்பட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வரி விட்டுப்போச்சும்மா, இப்பத்தான் கண்டுபிடிச்சேன்" என்று வாசித்தேன். அம்மா கிள்ளுவதை நிறுத்தினாள்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"தாயி இல்லாதவனா இருந்ததே இல்லன்றானா?"

"ஆமாம்மா."

"அப்ப ஜொரம் வந்தா பக்கத்துல குந்திகினு பாத்துக்க ஆளு இருந்துகீது."

அம்மா மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டாள். எரிச்சலில் துடித்து, நான் தண்ணீர் மொண்டு ஊற்ற, முகமெல்லாம் நனைந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"எவன் ஊட்ல எச்சத் தட்டு கயுவிகினு கீறானோ, எவன் கையால ஒத வாங்கிகினு கீறானோன்னு சோறு எறங்காம கெடந்தேனே. இத்தப் போயி எனுக்குப் படிக்காம வெச்சிகினு இருந்தீங்களாடி? மொத வரியா படிச்சிருக்க வேணாம்?"

அக்கா, நாம் இரண்டு பேரும் எதற்குப் பயந்தோமோ அதைத்தான் அவள் இவ்வளவு காலம் கேட்கக் காத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "அந்தம்மா பேரு இன்னா சொன்ன?" என்று கேட்டாள். அன்னலீஸ் என்றேன். "எயுதுடி" என்றாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் எதையும் விட வேண்டாம்.

"யம்மா, நான் முனியம்மா. நீ யாரோ, நான் யாரோ, கண்ணால பாத்ததில்ல. நம்ம புள்ளைக்கு நீ சோறு போட்டு வளத்துகீற. அவனுக்கு சளி புடிச்சா காதுல சீயி வரும், ராத்திரில வீல் வீல்னு கத்துவான். எருமப்பாலு குட்த்தா கக்கிடுவான். இதெல்லாம் யாரும் உனுக்குச் சொல்லி அனுப்பிச்சிருக்க மாட்டாங்க. நீயா கண்டுபுட்ச்சி பாத்துகினு இருந்திருப்ப. என்னா பாடு பட்டியோ. நான் வந்து புடுங்கிகினு போயிடுவேன்னு பயப்படாத. அவன் உன் கையில கீறான், நல்லாகீறான். எப்பனா ஒரு தபா ரெண்டு பேரும் வாங்க. வஞ்சிர மீன் கொயம்பு வெக்கிறேன். வராட்டியும் பரவால்ல, பதிலு போடு."

அவ்வளவுதான். இரண்டு அம்மாவுக்குப் பன்மை என்ன அக்கா? போனில் தேடவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் தேவி


உத்ரெக்ட்
20 அக்டோபர் 2024

என் அன்பு தேவி,

Moeders. அதற்கு மட்டும் எந்த முரண்டும் இல்லை. எழுத்து உதிராது, உயிர் மாறாது, கடைசியில் ஒரு s, அவ்வளவுதான்.

உன் அம்மாவின் கடிதத்தைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ரயில் ஏறி ஆமெர்ஸ்போர்ட்டுக்கு நானே போனேன். அன்னலீஸ் வீட்டுச் சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அன்னலீஸுக்கு அறுபத்தேழு வயது, காபியைக் குடிக்காமல் கோப்பையைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார். பெற்றவளிடமிருந்து தனக்கு ஒரு கடிதம் என்றால், பிள்ளையைத் திருப்பிக் கேட்கிறாள் என்றுதானே எதிர்பார்ப்பார்?

படித்துக்கொண்டே வந்தேன். 'நம்ம புள்ள' என்ற இடத்தில் onze zoon என்றேன். சொல்லிவிட்டு நின்றேன். இந்த மொழியில் onze என்று ஒரே சொல்தான் இருக்கிறது. கேட்கிறவரைச் சேர்த்துச் சொன்னாலும் onze, விட்டுச் சொன்னாலும் onze. உன் அம்மா 'எங்க புள்ள' என்று சொல்லியிருந்தாலும் அதே சொல்லைத்தான் நான் போட்டிருப்பேன். போன தடவை ஒரு வரியை விட்டவள், இந்த முறை ஒரு சொல்லுக்கு நாலு வரி சேர்த்துக்கொண்டேன். "தமிழில் 'நம்' வேறு, 'எங்கள்' வேறு. இவர் 'நம்' என்கிறார். அந்தச் சொல்லுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள்" என்றேன்.

அன்னலீஸ் கோப்பையை வைத்துவிட்டார். யோரிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காது விஷயம் வந்ததும் அன்னலீஸ் மேசையைத் தட்டி, "காது! காதா?" என்று கத்தினார். வந்த முதல் வருடம் பிள்ளை இரவெல்லாம் அலறுவானாம். தன்னைப் பிடிக்கவில்லை, தாயைத் தேடுகிறான் என்றே நினைத்துத் தானும் கூட அழுவாராம். எத்தனையோ மாதம் கழித்து ஒரு டாக்டர்தான் காதைப் பார்த்துச் சொன்னாராம். "இதை அன்றே யாராவது எனக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தால்!" என்றார்.

யோரிஸிடம் அந்த வரியைப் பற்றி இப்போதாவது கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அவர் என்னைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பாரோ என்று நினைத்தேன். கவலைப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதினேன். நன்றாக எழுதத் தெரியவில்லை" என்றார். இவ்வளவுதான் தேவி. கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கிளம்பும்போது அன்னலீஸ் என்னிடம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலே இத்தனை வருடமும் யாரோ பிள்ளையைக் கேட்டு வந்துவிட்டார்கள் என்று பயம் வரும், இப்போது draaglijk என்றார். Draagbaar என்றால் கையால் தூக்கத்தக்கது, draaglijk என்றால் மனத்தால் தாங்கத்தக்கது. நமக்கு இரண்டுக்கும் 'தாங்கு' ஒன்றே போதும். பார், இந்த இடத்தில் அவர்களிடம் இரண்டு சொல் இருக்கிறது.

பிப்ரவரியில் இரண்டு பேரும் வருகிறார்கள். என்னையும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். தேவி இருக்கிறாள், போதும் என்று சொல்லிவிட்டேன். பயப்படாதே.

வீட்டுக்கு வந்து ரைஹானாவிடம் எல்லாம் சொன்னேன். அவளுக்கே இப்போது குழந்தை இருக்கிறது. "நன்னிம்மாவுக்கு போன் போடுங்க உம்மா" என்றாள், தன்னைப் பெற்றவளின் தாயாரைச் சொல்கிறாள். போட்டேன். என் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார். பரவாயில்லை, ஈத் வரும்போது மறுபடி போடுவோம்.

அன்பு முத்தங்களுடன்,
வஹீதா


மண்ணூர்பேட்டை
23 பிப்ரவரி 2025

அன்பு அக்கா,

போனில் நிறையச் சொன்னேன். ஆனால் போனில் சொன்னால் பாதிதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் வந்த அன்று தெருவே எங்கள் வீட்டில்தான் இருந்தது. அம்மா பட்டுப்புடவை கட்டி, தலையைப் படிய வாரி, யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரி நின்றாள். அவன் குனிந்து நிலைப்படிக்குள் நுழைந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். கைகூப்பி, "வாங்க தம்பி, உக்காருங்க" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. அவன் கை நீட்டினான், அம்மா தொட்டுவிட்டு விட்டாள். ஒரு வாரமும் அப்படித்தான். "சாப்புடுங்க தம்பி." "காரமா கீதா பாருங்க." "தூங்குனீங்களா?" சொந்தப் பிள்ளைக்குப் போய் அத்தனை 'ங்க'. உங்களுக்கு அது வெறும் பன்மை விகுதியாகப் படலாம், எனக்கோ அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. தனியாகக் கேட்டேன். "இன்னாடி பண்றது? ஆறடி ஆம்பள வந்து நிக்கிறாரு, அவர் மூஞ்சில என் புள்ளைய தேடிகினே கீறேன். வாய்ல 'டா' வரலடி" என்றாள். அன்னலீஸம்மாவோடு அப்படி இல்லை. அவர்கள் இரண்டு பேரும் முதல் நாளே ஒட்டிக்கொண்டார்கள். மொழியே தேவைப்படவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டைப் பார்க்க வேண்டும் என்றான். டிரைவர் அல்லவா? நாலு பேரும் போனோம். பஸ்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், ஒரு டிரைவரோடு கையாலேயே கியரைப் பற்றிப் பேசினான். திரும்பும்போது ரோட்டைக் கடக்க வேண்டும். மெட்ரோ வேலைக்குப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். அவன் ஊரில் வண்டிகள் வலது பக்கம் போகும் இல்லையா, பழக்கத்தில் இடது பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் காலை வைத்துவிட்டான். வலது பக்கத்திலிருந்து தண்ணி லாரி வந்துகொண்டிருந்தது.

நான் கத்துவதற்குள் அம்மா பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டாள். லாரி உரசிக்கொண்டு போனது. சட்டைப் பட்டன் தெறித்துவிட்டது. அம்மா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"டேய் சின்னப்பையா! கண்ணு இன்னா பொடனிலயா கீது? இந்தாண்ட பாக்க மாட்ட? அடிபட்டுகிடிபட்டு பூட்டா நான் இன்னாடா பண்ணுவேன்? எரும!"

ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் அப்படியே நின்றான். அம்மாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. கையை வாயில் வைத்துக்கொண்டு அன்னலீஸம்மாவைப் பார்த்தாள், தப்பு பண்ணிவிட்ட மாதிரி. அன்னலீஸம்மா முகம் வெளுத்துப் போயிருந்தது, ஆனால் சிரித்தார். "Dat deed ik ook altijd" என்றார்.

அக்கா, யாரும் சொல்லித் தரவில்லை, நான் அகராதி பார்க்கவில்லை, எனக்குப் புரிந்தது. "நானும் எப்பவும் இப்பிடித்தான் அடிப்பேன்னு சொல்றாங்கம்மா" என்றேன். இரண்டு பேரும் அந்த பிளாட்ஃபாரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். அவன் என்னிடம், அம்மா என்ன சொன்னார் என்று டச்சில் கேட்டான். எதைச் சொல்ல? பொடனிக்கு எனக்கு டச்சு தெரியாது. "டேய்" என்று மட்டும் திருப்பிச் சொன்னேன். அவனும் "டேய்" என்று சொல்லிப் பார்த்தான். வழியெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்துக்கொண்டு வந்தான்.

நேற்று ஏர்போர்ட்டிலிருந்து வந்து சேர்ந்ததும், சிம்ரன் வாசலில் நின்று, "இன்னா ஆயா, வந்தவங்க கெளம்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அந்தம்மா கெளம்பிட்டாங்க, பாவம், கண்ணெல்லாம் வீங்கிப்போச்சு" என்றாள் அம்மா. "அவனும் பூட்டான், எரும. அந்தப் பட்டன குட்றா, தெச்சுத் தரேன்னு தலபாடா அட்ச்சுகினேன், காதுல வாங்குனாத்தானே."

தேவி